டுவாலாவுல இருந்து ஃபும்பான்: கேமரூன் ஏஜென்சி பஸ் எப்படி இருக்கு?

வேலை விஷயமா மூணு வாரம் டுவாலாவுல இருந்தேன், ஜனவரி மாசம். நடுவுல நாலு நாள் லீவு கிடைச்சுது. ஆபீஸ்ல எல்லாரும் கிரிபி போங்க, பீச் இருக்கு, லோபே அருவி நேரா கடல்ல விழுறதை பாக்கலாம், சுட்ட மீன் சாப்பிடலாம்னு சொன்னாங்க. எனக்கு ஃபும்பான் அரண்மனையைத்தான் பாக்கணும். ஒரு ராஜா தன் ஜனங்களுக்காக தானே உக்காந்து எழுத்து உண்டாக்கின ஊர்னு எப்பவோ படிச்சது மனசுல ஒட்டிக்கிச்சு. கார் வாடகை கேட்டேன், கட்டுப்படி ஆகல. அதனால அந்த ஊர்க்காரங்க போற மாதிரியே பஸ்ல போனேன். அதைப் பத்திதான் இந்த ரிவ்யூ, போற வழியில தெரிஞ்சுக்கிட்டதையும் சேர்த்து சொல்றேன்.

முதல்ல ஒண்ணு, அங்க அரசு பஸ்ஸ்டாண்டுன்னு தேடாதீங்க. ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி ஆபீஸ், தனி யார்டு, அதைத்தான் ஏஜென்சின்னு சொல்றாங்க. எந்த ஊருக்குப் போறோமோ அதைப் பொறுத்து ஏஜென்சி இருக்கிற ஏரியாவும் மாறும், டாக்ஸி டிரைவர்கிட்ட ஊர் பேரைச் சொன்னா போதும். டாக்ஸியே அங்க ஷேர் டாக்ஸிதான், ரோட்டோரமா நிக்கணும், வண்டி ஸ்லோ ஆகும்போது போற இடத்தையும் குடுக்கிற காசையும் சத்தமா சொல்லணும், ஒத்துக்கிட்டா ஹாரன் அடிப்பான், இல்லேன்னா போயிட்டே இருப்பான். தனியா போகணும்னா "டெப்போ"ன்னு சொல்லணும், ரேட் ஜாஸ்தி. டுவாலாவுலயும் தலைநகர் யவுண்டேலயும் யாங்கோன்னு டாக்ஸி கூப்பிடுற ஆப் வேலை செய்யுது, பாஷை தெரியாதவங்களுக்கு அது நிம்மதி.

கவுன்ட்டர்ல நான் பண்ணின தப்பை நீங்க பண்ணாதீங்க. ஃபும்பானுக்குப் போற வழியில வண்டி மாறுற ஊர் பஃபூஸாம், நேரா போய் "பஃபூஸாம், ஒரு டிக்கெட்"னேன். உள்ள இருந்த அம்மா நிமிர்ந்து கூட பாக்கல. பக்கத்துல இருந்த பெரியவர் மெதுவா என் தோளைத் தட்டி "போன்ஜூர் சொல்லு தம்பி" ங்கிற மாதிரி சொன்னாரு, பிரெஞ்சுல வணக்கம்னு அர்த்தம். சொன்னேன். அந்தம்மா முகம் அப்படியே மாறிடுச்சு, எந்த ஊரு, கேமரூன் பிடிச்சிருக்கா, ஜன்னல் சீட் வேணுமான்னு எல்லாம் கேட்டு டிக்கெட் போட்டுக் குடுத்தாங்க. அன்னைக்கு அப்புறம் கடையிலயோ செக்போஸ்ட்லயோ யார்கிட்டயும் போன்ஜூர் சொல்லாம ஒரு வார்த்தை பேசல, அது மட்டுமே எனக்கு பாதி வேலையை முடிச்சுக் குடுத்துச்சு. வயசானவங்கள பேர் சொல்லி கூப்பிட மாட்டாங்க, மாமாங், பாப்பா, தோந்தோன், தாத்தா மாதிரி முறை வச்சுத்தான் கூப்பிடுவாங்க, இதுல மாமாங்னா அம்மா, பாப்பான்னா அப்பா, தோந்தோன்னா மாமா, தாத்தான்னா அத்தை, குழம்பிடாதீங்க. காசு குடுக்கிறது வாங்குறது எல்லாம் வலது கையில. இதெல்லாம் நமக்குப் புதுசா கத்துக்க வேண்டிய விஷயமே இல்ல.

டிக்கெட் ரெண்டு வகை, கிளாசிக், விஐபி. கிளாசிக்ல ஒரு பக்கம் மூணு இன்னொரு பக்கம் ரெண்டுன்னு 70 பேர் உக்கார்ற பெரிய பஸ், இல்லேன்னா நடைபாதையிலயும் மடக்கு சீட்டு போட்டு அடைக்கிற சின்ன கோஸ்டர் வண்டி. ஆள் நிறைஞ்சாத்தான் கிளம்பும், டைம் கேட்டு பிரயோஜனம் இல்ல. விஐபி-ல ஏசி, கால் நீட்ட இடம், ஓரளவுக்கு சொன்ன டைமுக்கு கிளம்பும். பாஸ்போர்ட்ல இருக்கிற பேரை எழுதிக்கிறாங்க, அப்புறம் வாசல்ல நின்னு ஒவ்வொரு பேரா கூப்பிட்டு ஏத்துறாங்க. என் பேரை எப்படி கூப்பிடுவாங்களோன்னு காதைத் தீட்டிக்கிட்டு நிக்க வேண்டியதா இருந்துச்சு. பெரிய பைக்கு தனியா காசு கேப்பாங்க, பேரம் பேசலாம், ஆனா டோக்கன் வாங்காம பையை விடாதீங்க. சில்லறை கட்டாயம் வச்சுக்கோங்க, 10000 ஃப்ராங்க் நோட்டை நீட்டினா எங்கயும் முகம் சுளிக்கிறாங்க. இந்த சிஎஃப்ஏ ஃப்ராங்க் மத்திய ஆப்ரிக்காவுல 6 நாட்டுக்கு பொதுவான காசு, ஒரு யூரோவுக்கு 655.957ன்னு நிரந்தரமா கட்டி வச்சிருக்காங்க. செனகல், ஐவரி கோஸ்ட் பக்கம் ஓடுறதும் சிஎஃப்ஏ ஃப்ராங்க்தான், மதிப்பும் ஒண்ணுதான், ஆனா அந்த நோட்டு இங்க செல்லாது. அதனால யூரோவா கொண்டு போறதுதான் சுலபம். கேமரூன் ஆளுங்க பாதிப் பேர் மொபைல் மணியிலதான் காசு அனுப்பிக்கிறாங்க, நமக்கு கேஷ்தான்.

நான் காலையில முதல் பஸ் பிடிச்சேன், நீங்களும் அதையே பண்ணுங்க. ராத்திரி பஸ் மலிவா கிடைச்சாலும் வேண்டாம், லாரி நிறைய ஓடுற ஒத்தை ரோடு, விளக்கு கிடையாது, விபத்து ஜாஸ்தி. பஸ் கிளம்பினதும் ஒருத்தர் எழுந்து நின்னாரு, முதல்ல எல்லாருக்கும் நல்லபடியா ஊர் போய்ச் சேரணும்னு ஒரு ஜெபம், அப்புறம் பையில இருந்து முதுகுவலி தைலம், சோப்பு, பல்பொடின்னு எடுத்து வித்தாரு. நல்லாவே வியாபாரம் ஆச்சு. வழியில செக்போஸ்ட் வந்துட்டே இருக்கும், பாஸ்போர்ட் காப்பி மட்டும் போதாது, அட்டெஸ்ட் பண்ணின காப்பியாவது இருக்கணும். அங்க மொபைலைத் தூக்கி போட்டோ எடுத்துடாதீங்க. போலீஸ், பாலம், ஏர்போர்ட், அரசு கட்டடம் எதையும் எடுக்கக் கூடாது.

பஃபூஸாம்ல இறங்கி ஃபும்பானுக்கு ஷேர் கார். இது பஸ்ஸை விட பெரிய அனுபவம். அஞ்சு பேர் கார்ல பின்னாடி நாலு, முன்னாடி டிரைவர் சீட்லயே டிரைவரோட ஒட்டிக்கிட்டு ஒருத்தர், அந்த ஆளுக்கு பேரே "பெத்தி ஷோஃபர்", குட்டி டிரைவர்னு. கியர் போடும்போதெல்லாம் அவர் முட்டி நகர்ந்து வழி விடணும், நான் பின்னாடி இருந்து மூச்சைப் பிடிச்சுக்கிட்டு பாத்துட்டே வந்தேன். வரும்போது நான் ரெண்டு சீட்டுக்கு காசு குடுத்துட்டேன், அப்படி தாராளமா வாங்கிக்கலாம், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. ஜனவரியில மழை இல்ல, ஆனா செம்மண் புழுதி சட்டை காலரெல்லாம் ஏறிடும், முகத்துக்கு துணி வச்சுக்கோங்க.

ஃபும்பான் பத்தி சொல்லாம இருக்க முடியல. மன்னர் ந்ஜோயா 1896 வாக்குல எழுத்து உண்டாக்க ஆரம்பிச்சாரு. முதல்ல 500க்கு மேல படக்குறிகள், திரும்பத் திரும்ப திருத்தி கடைசியில சுமார் 80 எழுத்துக்கு கொண்டு வந்துட்டாரு. பள்ளிக்கூடம் வச்சு சொல்லிக் குடுத்தாரு, தன் நாட்டு சரித்திரத்தை, மருந்துகளை எல்லாம் அதுல எழுதி வச்சாரு. பிரெஞ்சுக்காரங்க பள்ளிக்கூடங்களை மூடினாங்க, அவரை யவுண்டேக்கு நாடு கடத்துனாங்க, 1933ல அங்கயே இறந்துட்டாரு. 1917ல அவர் கட்ட ஆரம்பிச்ச அரண்மனை இன்னும் நிக்குது. பக்கத்துல 2024ல திறந்த புது மியூசியம், கட்டடமே ரெட்டைத் தலை பாம்பு வடிவத்துல, மேல ஒரு சிலந்தி. அந்த எழுத்தைப் பாத்தப்போ தொண்டை அடைச்சுது, ஒரு மனுஷன் தன் பாஷை அழியக் கூடாதுன்னு எவ்வளவு பாடுபட்டிருக்காரு. மேற்குப் பக்கம் ராஜாக்களைப் பாக்க நேர்ந்தா நீங்களா கை குலுக்கப் போகாதீங்க, கூட இருக்கிறவங்க எப்படி வணங்குறாங்களோ அப்படியே பண்ணுங்க.

சாப்பாடு, குறிப்பா சைவம் சாப்பிடுறவங்களுக்கு. ந்தோலேன்னு கசப்புக் கீரையை வேர்க்கடலை அரைச்சு ஊத்தி சமைக்கிறாங்க, அருமையான ருசி, ஆனா பெரும்பாலும் அதுல இறாலோ கறியோ மீனோ இருக்கும். கோகி தேடுங்க, தட்டைப்பயறை அரைச்சு செம்பனை எண்ணெய் கலந்து வாழை இலையில கட்டி அவிக்கிறது, இறால்பொடி போட்டீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. காலையில ரோட்டோரம் பெனியேன்னு உருண்டை உருண்டையா மாவு போண்டா சுட்டு, கூட பீன்ஸ் குழம்பு, சோளக் கஞ்சி. நாலு நாளும் காலைச் சாப்பாடு எனக்கு அதுதான்.

இப்போ குறை. திரும்பி வரும்போது நான் வந்த விஐபி பஸ் பெஞ்சா பக்கத்துல நின்னுடுச்சு, ஏசி அதுக்கு முன்னாடியே போயாச்சு. ரெண்டரை மணி நேரம் வெயில்ல நின்னோம். கம்பெனி மாத்து பஸ் அனுப்பினாங்க, ஆனா அது கிளாசிக் வண்டி, வித்தியாசக் காசைத் திருப்பித் தரவே இல்ல, போன் பண்ணினா எடுக்கவும் இல்ல. அது எனக்கு இன்னும் கோபம்தான், வாங்கின காசுக்கு பதில் சொல்லணும் இல்லையா. ஆனா கூட வந்த ஜனங்க, அவங்களை மறக்க மாட்டேன். "ஆஷியா, ஆஷியா"ன்னாங்க, உன் கஷ்டம் புரியுதுன்னு அர்த்தம், பிட்ஜின்னு அங்க பேசுற கலப்பு இங்கிலீஷ் வார்த்தை, பிரெஞ்சு பேசுறவங்களும் சொல்றாங்க. ஒரு அம்மா கூடையில இருந்து வேகவச்ச வாழைக்காயை எடுத்து என் கையில வச்சுட்டு பேசாம உக்காந்துட்டாங்க.

நின்ன இடமும் நல்ல இடம். பெஞ்சா வெள்ளை மிளகுக்கு பேர் போன ஊரு, 2013ல புவிசார் குறியீடு வாங்கியிருக்கு. பழுத்த மிளகை ஊறவச்சு தோலை உரிச்சுக் காயவைக்கிறாங்க. ரோட்டோரம் விக்கிற ஒரு பொண்ணு ரெண்டு மணியை நகத்தால நசுக்கி மூக்குகிட்ட நீட்டுச்சு, காரத்துக்கு முன்னாடி ஒரு மண்வாசம் வருது பாருங்க, அரைக்கிலோ வாங்கிட்டேன்.

கிளம்புறதுக்கு முன்னாடி மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம், பயணத்துக்கு 10 நாள் முன்னாடியே போடணும், சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுறாங்க. திரும்பி வரும்போது நம்ம ஏர்போர்ட்லயும் அந்த சர்டிபிகேட் கேப்பாங்க, இல்லேன்னா தனிமைப்படுத்திடுவாங்க. மலேரியா மாத்திரை பத்தியும் டாக்டர்கிட்ட பேசிடுங்க, அங்க கொசு விளையாட்டு இல்ல. விசா இப்போ ஆன்லைன்ல அப்ளை பண்ணலாம். வடமேற்கு, தென்மேற்கு மாகாணங்கள்ல சண்டை ஓயல, தூர வடக்குல போக்கோ ஹராம் தீவிரவாதப் பிரச்சனை, ஃபும்பான்ல இருந்து வடமேற்குல இருக்கிற பமெண்டா கிட்டதானேன்னு வண்டி ஏறிடாதீங்க.

பஸ்ஸுக்கு 5க்கு 3 குடுப்பேன், ரோட்டுக்கு 2, கூட வந்தவங்களுக்கு 5. மறுபடி போவேன், விஐபி-லதான் போவேன், தண்ணி பாட்டில் ரெண்டு எடுத்துக்குவேன், சீட் கேக்கும்போது சக்கரத்துக்கு மேல இல்லாம நடுவுல குடுங்க மாமாங்னு சொல்லிக் கேப்பேன், அதுக்கு முன்னாடி போன்ஜூர்.