ஏசி இல்லாத அறைக்கு எந்த டொப்பர்? ஜெல், லேட்டெக்ஸ், பஞ்சு

மெத்தை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் முதுகுக்குக் கீழே சூடு தாங்க முடியவில்லை என்பவர்கள் முழு மெத்தையையும் தூக்கிப் போடத் தேவையில்லை. மேலே ஒரு டொப்பரும் (மெத்தைக்கு மேல் விரிக்கும் மெல்லிய மெத்தை) ஏற்ற பெட்ஷீட்டும் போட்டாலே இரவு மாறிவிடும். மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு ஸ்பொஞ்ச் மெத்தைக்கு அப்படி ஒன்று தேடியபோது கடைசியில் மூன்று மிஞ்சின: ஜெல் கலந்த மெமரி ஃபோம், இயற்கை றப்பர் லேட்டெக்ஸ், பஞ்சு அடைத்துத் தைத்த டொப்பர். நாங்கள் எடுத்தது பஞ்சு. இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் எங்கள் ஊர் இரவைப் பார்க்க வேண்டும். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டுக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடேறி இந்தப் பக்கம் கச்சான் காற்றாக இறங்குகிறது. கச்சான் அடிக்கும் நாளில் வெக்கை இருந்தாலும் வேர்வை உடனே காய்ந்துவிடும். காற்று விழுந்த இரவுகள்தான் கொடுமை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் புழுக்கம். ஒரு கிராம் வேர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2.4 கிலோஜூல் வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துப்போகிறது. ஆவியாகாமல் தோலிலேயே நின்றால் அந்தக் குளிர்ச்சி கிடைக்காது, பிசுபிசுப்புத்தான் மிச்சம். ஃபேன் மேல்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும். மெத்தையோடு ஒட்டியிருக்கும் முதுகுக்கு ஃபேன் காற்று போகாது. அங்கே வேர்வையை வாங்கிக்கொள்ள வேண்டியதும், நீங்கள் புரண்டு படுத்ததும் மளமளவென்று காய வேண்டியதும் உங்களுக்குக் கீழே விரித்திருப்பதுதான்.

ஜெல் மெமரி ஃபோமைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மெமரி ஃபோம் 1966இல் நாசாவுக்காக விமான இருக்கைகளில் அதிர்ச்சியைத் தாங்க உருவாக்கப்பட்டது. உடம்புச் சூட்டில் இளகி, உடம்பின் வடிவத்துக்கே குழிந்துகொடுப்பது அதன் குணம். குழிந்தால் உடம்பைச் சுற்றி அணைத்துக்கொள்ளும், காற்றுப் போக வழியிருக்காது. உள்ளே கலந்த ஜெல் கைவைத்தவுடன் சில்லென்று இருப்பது உண்மை. ஆனால் அது சூட்டை உறிஞ்சி வைத்துக்கொள்கிறதே தவிர, அழிப்பதில்லை. உடம்புச் சூட்டுக்கு வந்தபின் அதற்கு வேலை முடிந்தது. ஏசி அறையில் சுற்றியுள்ள காற்று அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும், அதனால் அங்கே இது சரிவரலாம். இணையத்தில் இதைப் புகழ்பவர்களில் பலர் அப்படியான அறைகளில் படுப்பவர்கள். கரண்ட் போனால் கதை வேறு. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்ததை மறக்காதவர்கள், ஏசியை நம்பிப் படுக்கை வாங்க மாட்டார்கள். நான் ஜெல் டொப்பரில் உறவினர் வீட்டில் சில இரவுகள் படுத்ததோடு சரி. ஆகவே நீண்டகாலப் பாவனை பற்றி என் சொல்லை எடுக்க வேண்டாம்.

லேட்டெக்ஸ் அப்படியல்ல, மரியாதைக்குரிய போட்டியாளர். 1876இல் கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் முதல் றப்பர்க் கன்றுகள் நடப்பட்ட நாடு நம் இலங்கை. நம் நாட்டு றப்பர் பாலில் செய்த டொப்பர் நம் நாட்டிலேயே கிடைக்கிறது. அச்சில் வார்க்கும்போதே மேலிருந்து கீழ்வரை சின்னச் சின்னத் துளைகள் விடுகிறார்கள். புரளும் ஒவ்வொரு முறையும் அந்தத் துளைகளூடாகக் காற்று உள்ளே போய் வருகிறது. மெமரி ஃபோம் போல உடம்பை விழுங்காது, தள்ளிப் பிடிக்கும். களுவாஞ்சிக்குடியில் அக்கா வீட்டில் இதுதான். அத்தானுக்கு இடுப்பு வலி. பஞ்சில் படுத்தால் காலையில் எழும்ப முடியாது என்கிறார், லேட்டெக்ஸில் நன்றாகத் தூங்குகிறார். நானும் அங்கே போனால் அதில்தான் படுப்பேன், சூட்டைப் பற்றிக் குறை சொல்ல முடியாது.

அப்படியானால் நாங்கள் ஏன் அதை எடுக்கவில்லை? காயப்போடும் விஷயம்தான் காரணம். இந்த ஒன்றை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

புழுக்கமான ஊரில் படுக்கை ஒவ்வோர் இரவும் வேர்வை குடிக்கிறது. பிள்ளைகள் இருந்தால் வேர்வையோடு நிற்காது. குடித்ததை வெளியே விடாவிட்டால் சில மாதங்களில் மணம் வரும், அப்புறம் பூஞ்சணம். வெயிலில் போடுவதுதான் நம்மூர் மருந்து. லேட்டெக்ஸை வெயிலில் போடக்கூடாது. புற ஊதாக் கதிர் பட்டால் இயற்கை றப்பர் மஞ்சளாகி, வெடித்து, பழைய இலாஸ்டிக் மாதிரிப் பொடிந்து உதிரும். "அத வெயில்ல போட்டிராத கா, நிழல்ல காத்துப் பட விடு" என்று அக்கா எனக்குச் சொன்னது அனுபவத்தில். தோய்க்கவும் முடியாது. ஸ்பொஞ்ச் போலத் தண்ணீரைக் குடித்து, தூக்கினால் தன் பாரத்திலேயே கிழியும். ஐந்தடி அகலக் கட்டிலுக்கான இரண்டங்குல லேட்டெக்ஸ் காய்ந்திருக்கும்போதே ஏறத்தாழ 10 கிலோ. கோடையில் நிழலில் சாய்த்துவைத்துச் சமாளிக்கலாம். மாரியில், கார்த்திகையிலிருந்து தைவரை வாடையும் மழையுமாக இருக்கும்போது, நிழலில் வைத்த எதுவும் காயாது.

பஞ்சு டொப்பரை நான் கிணற்றடியில் தோய்க்கிறேன். பெரிய பேசினில் சவர்க்காரத் தண்ணீரில் ஊறவிட்டு, காலால் மிதித்து, இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்துப் பிழிய வேண்டும். ஒருவரால் முடியாது, அவ்வளவு பாரம். ஒற்றைக் கொடியில் போட்டால் பஞ்சு ஒரு பக்கம் சரிந்துவிடும் என்பதால் இரண்டு கொடிக்குக் குறுக்கே விரிப்பேன். கோடை வெயிலில் மத்தியானம் ஒருமுறை புரட்டிவிட்டால் பின்னேரத்துக்குள் காய்ந்துவிடும். கடைசியாகக் காய்வது தையல் போட்ட கோடுகளும் நாலு மூலையும்தான். புறங்கையை அந்தத் தையலில் அழுத்திப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, கட்டிலில் விரிக்க வேண்டாம். தோய்க்காமல் சும்மா வெயில் காட்டும் நாளில் மூன்று மணிக்கே உள்ளே எடுத்துவிடுவது நல்லது. பொழுது சாயும்வரை விட்டால் சூட்டைக் கொண்டுவந்து இரவில் முதுகுக்குத் தரும்.

மழை நாட்களில் டொப்பரைத் தோய்ப்பதில்லை. இடையில் ஒரு வெயில் வந்தால் காட்டுவதோடு சரி. பெட்ஷீட்டை மட்டும் அடிக்கடி மாற்றுவோம்.

பஞ்சிலும் குறை உண்டு. நாளாக ஆகத் தட்டையாகிவிடும். கட்டியான மெத்தையை மெதுவாக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், அதற்கு லேட்டெக்ஸ்தான். கட்டம் கட்டமாக நெருக்கித் தைக்காதது என்றால் இரண்டு தோய்வில் உண்டை உண்டையாகத் திரளும். கடையில் கையால் தடவி, கட்டங்கள் கை அகலத்துக்கு மேல் பெரிதாக இருந்தால் விட்டுவிடுங்கள். இலவம்பஞ்சு வேறு குணம். அதன் இழை உள்ளே குழலாக, மெழுகுப் பூச்சோடு இருப்பதால் தண்ணீர் குடிக்காது. உயிர்காப்பு மிதவை அங்கிகளில் ஒரு காலத்தில் அதைத்தான் அடைத்தார்கள். வெயில் காட்டினால் அழகாக உப்பும், ஆனால் தோய்ப்பதற்கு உகந்ததல்ல. எங்களுக்குத் தோய்க்க வேண்டும் என்பதால் பருத்திப் பஞ்சை எடுத்தோம்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பஞ்சு டொப்பர் என்று தருபவற்றில் நிறைய, பொலியெஸ்டர் இழை அடைத்தவை. பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 சதவீதம் ஈரத்தைக் காற்றிலிருந்தே வாங்கிக்கொள்ளும், பொலியெஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. வேர்வை தோலிலேயே நிற்பதற்கு அது போதும். சந்தேகம் என்றால் துணியிலிருந்தே ஒரு நூலை உருவி, உள்ளிருந்து ஒரு சிட்டிகைப் பஞ்சும் கேட்டு வாங்கி, வெளியே வந்து எரித்துப் பாருங்கள். பருத்தி கடதாசி எரிந்த மணத்தோடு மெல்லிய சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கருமணியாக இறுகும். தையல் நூலை எரித்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், பருத்தித் துணியையும் பொலியெஸ்டர் நூலால்தான் பெரும்பாலும் தைக்கிறார்கள்.

பெட்ஷீட்டில் எனக்குத் தடுமாற்றமே இல்லை. மருதமுனைக் கைத்தறி. நெசவு கொஞ்சம் இளக்கமாக இருப்பதால் காற்றுப் போகும், காலையில் தோய்த்தால் மத்தியானத்துக்கு முன் காயும். புதிதில் கஞ்சி முறுமுறுவென்று குத்தும், இரண்டு மூன்று தோய்வில் மெதுவாகிவிடும். முதல் தோய்வைத் தனியாகப் போடுங்கள், சாயம் இறங்கலாம். கொஞ்சம் சுருங்கவும் செய்யும், ஆகவே கட்டிலின் அளவைவிட நீளமாகவே வாங்குங்கள். நூல் எண்ணிக்கை (ஒரு சதுர அங்குலத் துணியில் உள்ள நூல்கள்) 800, 1000 என்று போட்ட பளபளப்பான விரிப்புகள் நெருங்கிய நெசவு. தொட மெத்தென்று இருக்கும், நம்மூர் வெக்கைக்கு உதவாது. 200இலிருந்து 300 போதும். மூங்கில் துணி என்று விற்பது பெரும்பாலும் விஸ்கோஸ், அதாவது கூழாக்கிக் கரைத்து மறுபடி இழையாக்கியது. குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது, ஆனால் ஈரத்தில் அதன் பலம் வெகுவாகக் குறையும், கல்லில் அடித்துத் தோய்க்கும் வீட்டுக்கு ஆகாது.

எதை வாங்கினாலும் இரண்டு விஷயம். மெத்தையைச் சுற்றிக் கடையில் வந்த பொலித்தீன் உறை இன்னும் இருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள், அது காற்றையும் ஈரத்தையும் அடைத்துவைக்கும். நீர் புகாத ப்ரொடெக்டரும் அதே வேலையைத்தான் செய்யும், சின்னப்பிள்ளை படுக்கும் பக்கத்துக்கு மட்டும் போட்டால் போதும். அடுத்தது கட்டில். முழுப் பலகை அடித்த கட்டிலில் அடியில் காற்று ஓடாது, மாரியில் மெத்தையின் அடிப்பக்கம்தான் முதலில் பூஞ்சணம் பிடிக்கும். இடைவெளி விட்டுச் சட்டம் அடித்தது நல்லது. மாற்ற முடியாதவர்கள் கிழமைக்கொரு தடவை மெத்தையைச் சுவரில் சாய்த்து, அடிப்பக்கம் ஃபேனைப் பார்க்க வைக்கலாம்.

இடுப்பு வலி இருக்கிறது, தோய்க்கத் தெம்பில்லை, நிழலில் நல்ல காற்று வரும் விறாந்தை இருக்கிறது என்றால் லேட்டெக்ஸே எடுங்கள், மேலே கழற்றித் தோய்க்கக்கூடிய பருத்தி உறையோடு. வீட்டில் பிள்ளைகள், கிணற்றடி, வெயில் விழும் முற்றம் உள்ளவர்கள் பஞ்சு எடுங்கள். அதையும் பங்குனி, சித்திரையில் வாங்கினால் கச்சான் தொடங்குமுன் இரண்டு தோய்வு போட்டு, தையல் தாங்குகிறதா என்று பார்த்துவிடலாம்.