ஓட்டமா, ஜிம்மா, சாப்பாடா: யாருக்கு எது?

வெயிட் குறைக்கணும்னு சிங்கப்பூர்ல பூங்காக்கள இணைக்கிற பார்க் கனெக்டர் பாதையில வேர்க்க விறுவிறுக்க ஓடிட்டு நேரா பிராட்டா கடையில போய் உக்கார்ற ஆளுங்க நம்மள்ல நெறைய. கணக்கு பாருங்க, 70 கிலோ ஆளு 2.4 கிலோமீட்டர் ஓடுனா சுமாரா 170 கலோரிதான் எரியும், ரெண்டு கோசோங் பிராட்டாவும் (உள்ள ஒண்ணும் வைக்காத வெறும் பரோட்டா) ஒரு தே தாரிக்கும் (இழுத்து ஆத்துன பால் டீ) உள்ள தள்ளுனா அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேலயே திரும்ப வந்துடும். அதனால தொப்பை கரையணும்னா ஓட்டத்தவிட தட்டுதாங்க முக்கியம். தட்டுல பாதி காய்கறி பழம், கால்வாசி சோறு, கால்வாசி மீனோ கோழியோ பருப்போன்னு சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லுது, நம்ம வாழையிலச் சாப்பாட்டுல சோறு மலையா குவிஞ்சிருக்கும், கோஸ் பொரியல் பேருக்கு ஓரமா கெடக்கும். "அண்ணே, சோறு பாதி போதும், காய் இன்னொரு கரண்டி வைங்க"ன்னு கேட்டா யாரும் மாட்டேன்னு சொல்லப்போறதில்ல.

தசை வச்சு உடம்பு ஏத்தணும்னா கதையே வேற. அங்க ஓட்டம் ரெண்டாம்பட்சம், வெயிட் தூக்கியே ஆகணும், வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டணும். அரசாங்கத்தோட ஆக்டிவ்எஸ்ஜி ஜிம்மே தாராளமா போதும், தனியார் ஜிம்முல சந்தா கட்டிட்டு செல்ஃபி எடுக்குறதவிட எவ்வளவோ மேல். புரோட்டீன் கிலோவுக்கு 1.6 கிராம்னு வச்சா 70 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 112 கிராம், ஒரு முட்டையில 6 கிராம்தான், தோசை சாம்பார நம்பி இருந்தா எங்க எட்டுறது? சைவம்னா தெம்பே (புளிக்க வச்ச சோயா கட்டி), தவ்குவா (கெட்டியான டோஃபு) பக்கம் போங்க, 100 கிராம் தெம்பேல கிட்டத்தட்ட 19 கிராம் இருக்கு, மிளகு போட்டு வறுவல் மாதிரி செஞ்சா சும்மா சூப்பரா இருக்கும் (எண்ணெயில முக்கி எடுக்காதீங்க, தெம்பே பஞ்சு மாதிரி உறிஞ்சிடும்).

ஐபிபிடி, அதாவது தேசிய சேவையில இருக்கிறவங்களுக்கு வைக்கிற உடற்தகுதித் தேர்வு, மட்டும்தான் குறின்னா பெஞ்ச் பிரஸ்ஸெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். மொத்தம் 100 புள்ளியில 50 ஓட்டத்துக்கு, புஷ்-அப் சிட்-அப்புக்கு தலா 25. 2.4 கிலோமீட்டர்ங்கிறது ஸ்டேடியத்துல ஆறு சுத்து, அதனால வாரத்துக்கு ஒரு தடவையாவது 400 மீட்டர வேகமா ஓடி, மூச்சு வாங்கி, திரும்ப ஓடுற பயிற்சிதான் நேரத்தக் குறைக்கும், சும்மா ஜாகிங் போனா அதே நேரத்துலயே நிப்பீங்க. இந்த சமயத்துல சோத்த அடியோட நிறுத்திடாதீங்க, காலுல பலமே இருக்காது.

மூணையும் ஒண்ணா செய்யலாமான்னா, புதுசா ஆரம்பிக்கிறவருக்கு கொழுப்பு குறைஞ்சுக்கிட்டே தசையும் ஏறும், ரொம்ப வருஷமா வெயிட் தூக்குறவரு ஏதாவது ஒண்ணத்தான் முதல்ல பிடிக்கணும்.