டெல்டா வீட்டுத் தொட்டிக்கு எது: ஹில்ஸ்ட்ரீம் லோச்சா, நம்ம அயிரையா?

அழகை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை, வேகமான மலை ஓடைகளில் வாழும் ஹில்ஸ்ட்ரீம் லோச் மீன்தான். வண்ணமீன் கடைகளுக்கு வருவது பெரும்பாலும் வியட்நாமின் செவெலியா லினியோலாட்டா. விரல் நீளம்கூட இருக்காது. தட்டை உடம்பு, விசிறியாக விரிந்த துடுப்புகள். அவற்றைக் கல்லோடு அழுத்திப் பிடித்து, எவ்வளவு வேகமான ஓட்டத்திலும் அசையாமல் நிற்கும். அயிரையோ பகலில் பாதி நேரம் மணலுக்குள் புதைந்து கிடக்கும். வருகிறவர்கள் "மீன் எங்கே?" என்பார்கள், காட்டினால் குழம்பைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

ஹில்ஸ்ட்ரீம் லோச்சின் சொந்தக்காரர்கள் காவிரியிலேயே உண்டு. கர்நாடகத்தில் அருவியுள்ள சிவசமுத்திரத்தில் கிடைத்த பாலிடோரா மைசூரென்சிஸுக்கு 1941-இல் மீனியல் அறிஞர் ஹோரா பெயர் வைத்தார். அப்படியானால் கும்பகோணத்திலும் பிழைக்காதா என்று தோன்றலாம். ஆனால் கல்லணைக்குக் கீழே பாறை ஏது? வண்டலும் மணலும் மெதுவான ஓட்டமும்தான்.

உண்மையான சிக்கல் வெயில். 20 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். சூடு ஏற ஏற மீனுக்கு மூச்சுத் தேவையும் கூடும், அதாவது இரண்டு பக்கமும் இடி. செவெலியாவுக்கு 20 முதல் 24 டிகிரி வரை இருந்தால் நிம்மதி. தஞ்சாவூரில் மே மாதம் ஃபேன் மட்டும் ஓடும் அறையில் தொட்டி நீர் 30-ஐத் தாண்டிவிடும். அந்த நேரம் பார்த்து கரண்ட் போய், ஓட்டம் கொடுக்கும் பம்ப் நின்றால், முதலில் சுருண்டு விழுவது இந்த மீன்தான். தொட்டி நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கலாம், ஆனால் அதன் விலைக்கு இன்னொரு தொட்டியே வைத்துவிடலாம்.

அயிரை இந்தச் சூட்டைப் பொருட்படுத்தாது. இலங்கையில் திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கன்னியா வெந்நீரூற்று மீனை வைத்துத்தான் 1846-இல் பிரெஞ்சு விலங்கியல் அறிஞர் வாலன்சியன் இந்த இனத்தை விவரித்தார். நீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து ஒரு மடக்குக் காற்றை விழுங்கும்; குடலே நுரையீரல் வேலையைப் பார்த்துக்கொள்ளும். வற்றிக்கொண்டிருக்கும் வாய்க்காலில் தாக்குப்பிடிக்கிற மீனுக்கு இரண்டு மணி நேரக் கரண்ட் கட் பெரிய விஷயமில்லை.

அப்புறம் சாப்பாடு. "பாசியெல்லாம் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும்" என்று சொல்லி ஹில்ஸ்ட்ரீம் லோச்சை விற்பார்கள். அது மேய்வது கல்லின் மேல் படியும் மெல்லிய படலத்தையும் அதிலுள்ள நுண்ணுயிர்களையும்; நூல்பாசியைத் தொடாது. அந்தப் படலம் இன்னும் படியாத புதுத் தொட்டியில் விட்டால் மெல்லப் பட்டினி கிடந்து சாகும். அயிரை மணலைச் சலித்து, அடியில் தங்குகிற தீனியைத் தின்னும். அதற்காகக் கூரான சரளைக்கல் போடக் கூடாது, நைசான ஆற்றுமணல்தான் வேண்டும்.

நாள் முழுக்க ஏசி ஓடும் அறையும், பம்புக்கு இன்வெர்ட்டரும் இருந்தால் செவெலியா வாங்குங்கள். மற்றவர்களுக்கு அயிரைதான். குழம்புக்கு விலை கேட்டால் தலை சுற்றும், தொட்டிக்கு ஆறேழு இருந்தால் போதும். சந்தையில் உயிரோடுதான் விற்பார்கள் என்பதும் வசதி. கண்ணுக்குக் கீழே சின்ன முள் உண்டு, வலையில் மாட்டிக்கொள்ளும், அதனால் டம்ளரில் மொண்டு விடுங்கள். எதை வாங்கினாலும் தொட்டிக்கு மூடி கட்டாயம்: ஒன்று கண்ணாடியில் ஏறும், மற்றது துள்ளும்.