சாப்ளினின் காலணியும் கீட்டனின் சுவரும்

ஊமைப்பட நகைச்சுவையில் பெரியவர் யார் என்ற வழக்கில் சார்லி சாப்ளினும் பஸ்டர் கீட்டனுமே எப்போதும் எதிரெதிரே நிறுத்தப்படுகிறார்கள். ஒரு படத்தில் உயர்ந்த கட்டடத்தின் கடிகார முள்ளைப் பிடித்துத் தொங்கிய நடிகர் ஹெரால்டு லாயிடு, விபத்தில் வலக்கை விரல்கள் இரண்டை இழந்த பிறகே அதைச் செய்தவர் என்றாலும், ஏனோ மூன்றாம் இடத்திலேயே தங்கிவிட்டார். முதல் இருவரின் வேறுபாட்டை அறிய, ஒரு பொருள் அவர்களிடம் அகப்பட்டால் என்ன ஆகிறது என்று கவனித்தால் போதும்.

'தி கோல்ட் ரஷ்' (1925) படத்தில், பனியில் சிக்கிப் பசித்துக் கிடக்கும் சாப்ளின் தன் காலணியை வேகவைத்துப் பரிமாறி, அதன் நாடாவை முள்கரண்டியில் நூடுல்ஸ் போலச் சுற்றி விழுங்கி, ஆணிகளைக் கோழி எலும்பைப் போல ஒவ்வொன்றாகச் சப்புகிறார். படப்பிடிப்புக்காக அதிமதுரத்தில் செய்த காலணி அது. ஆனால் அதை விருந்தாக்குவது அவருடைய பந்தி நாகரிகம்தான்.

கீட்டனிடம் எதுவும் வேறொன்றாவதில்லை. 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928) படத்தின் சூறாவளிக் காட்சியில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுதாகப் பெயர்ந்து அவர் மேல் சாய, மாடிச் சன்னலின் திறப்பு மட்டும் அவர் நிற்கும் இடத்தில் வந்து இறங்குகிறது. சுவரின் எடை உண்மை. உடம்புக்கும் சன்னல் சட்டத்துக்கும் இடையே சில அங்குலமே இருந்தது. கேமரா தள்ளி நின்று ஒரே ஷாட்டில் முழுவதையும் காட்டுவதால்தான் நாம் நம்புகிறோம். சிறுவயதில் மேடையில் தந்தையால் தூக்கி எறியப்பட்டபோதே, தான் சிரிக்காவிட்டால்தான் கூட்டம் சிரிக்கும் என்று கற்றுக்கொண்டவர் அவர். அந்த முகத்தைக் கல் என்பார்கள். கண்களைப் பார்த்தால் ஓயாமல் கணக்குப் போடுவது தெரியும்.

பேசும்படம் வந்த பின்னும் வசனமின்றி எடுத்த 'சிட்டி லைட்ஸ்' (1931) படத்தின் இறுதியில், பார்வை பெற்ற பூக்காரி, தனக்கு உதவியவர் இவரே என்று கையைத் தொட்டு அறிந்துகொள்ளும் கணத்தில், சாப்ளினின் முகத்துக்கு அருகில் கேமரா செல்கிறது. அது கீட்டனால் ஆகாத காரியம். ஆனாலும் சாப்ளின் சில படங்களில் நம் இரக்கத்தைக் கையேந்திக் கேட்கிறார். கீட்டன் எதையும் கேட்பதில்லை என்பதால், மறுபடி பார்க்க நான் எடுப்பது அவருடைய படங்களையே.

1952இல் 'லைம்லைட்' படத்தில் இருவரும் ஒரே மேடையில் தோன்றினார்கள். அங்கே சாப்ளினின் கால் கால்சட்டைக்குள் சுருங்கிக் குட்டையாகிறது. பியானோ முன் அமர்ந்த கீட்டனோ, சரிந்துகொண்டே இருக்கும் இசைத்தாள்களைச் சிரிக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்.