நீரடி ஒலி மோடம்: இதன் உயிர் கடிகாரத்தில் இருக்கிறது

எங்கள் தானியங்கி நீரடி வாகனங்களுக்கு வழிகாட்ட வாங்கிய ஒலி மோடம், அதாவது தகவலை ஒலியாக்கி நீருக்குள் அனுப்பிப் பெறும் கருவி, தொகுப்பு இது. மிதவைக்கு ஒன்று, வாகனத்துக்கு ஒன்று. ஜிபிஎஸ் அலை கடல்நீருக்குள் இறங்காது என்பதால், மிதவை மேலே நின்று தன் இடத்தை அறிந்து, அதையும் அனுப்பிய நேரத்தையும் ஒலியாகக் கீழே அனுப்புகிறது. ஒலி வந்து சேர எடுத்த நேரத்தைக் கொண்டு வாகனம் தூரத்தைக் கணக்கிடுகிறது.

கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் போகும். கடிகாரம் 1 மில்லி நொடி பிசகினால் தூரம் 1.5 மீட்டர் பிசகும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறும் சாதாரணப் படிகக் கடிகாரம் ஒரு மணி நேரத்திலேயே 5.4 மீட்டர் பிழையைச் சேர்த்துவிடும். இதில் இருப்பதோ சிறிய அணுக் கடிகாரம். மூழ்கும் முன் ஜிபிஎஸ் நேரத்தோடு பொருத்திவிட்டால், நாள் முழுக்க ஓடி மேலே வந்த பிறகும் பிசகு பொருட்படுத்தும் அளவில் இல்லை. அருமையான வேலை!

இதனால் வாகனம் எதையும் கேட்க வேண்டியதில்லை, காது கொடுத்தால் போதும். ஒரே ஒலியை எத்தனை வாகனங்களும் பயன்படுத்தலாம். கேட்டுப் பதில் பெறும் முறையில், 1.5 கிலோமீட்டர் தூரத்துக்குப் போக ஒரு நொடி, வர ஒரு நொடி. வாகனங்கள் கூடக் கூடக் காத்திருப்பும் கூடும். நீருக்குள் ஒலிவழித் தகவல் பரிமாற நேட்டோ 2017-இல் பொதுத் தரமாக ஏற்ற ஜானஸ் முறையிலும் இது பேசுகிறது. நொடிக்கு 80 பிட்தான், ஆனாலும் இருப்பிடம் சொல்ல அது போதும்.

என் கோபமெல்லாம் மென்பொருளின் மேல். ஒலிவேகத்தை 1,500 என்று எழுதி வைத்து, மாற்றும் இடத்தை மெனுவின் அடியாழத்தில் புதைத்திருக்கிறார்கள். 28 டிகிரி மேற்பரப்புக் கடல்நீரில் வேகம் ஏறத்தாழ 1,540. கவனிக்காமல் விட்டால் ஒரு கிலோமீட்டருக்கு 26 மீட்டர் குறைத்துக் காட்டும். அதைவிட மோசம், சந்தேகமான அளவீடுகளைத் தானே தள்ளிவிட்டுப் பதிவேட்டிலும் எழுதாமல் விடுவது. ஆழமற்ற நீரில், மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் எதிரொலி நேர் ஒலிக்குப் பின்னால் வந்து தூரத்தைக் கூட்டிக் காட்டும். எதைத் தள்ளியது என்று தெரிந்தால்தானே வடிகட்டியைத் திருத்த முடியும்?

ஒரே மிதவை போதும் என்கிறது விளம்பரம். உண்மைதான், ஆனால் அதை நோக்கி நேராக ஓடும்போது பக்கவாட்டு விலகல் தெரியாது. பாதையை வளைத்துத் திட்டமிட வேண்டும்.

ஒற்றை வாகனம் வைத்திருப்பவருக்கு இந்தச் செலவு வேண்டாம், கேட்டுப் பதில் பெறும் இருவழி மோடம் போதும். பல வாகனங்கள் உள்ள குழுக்கள் தயங்காமல் வாங்கலாம். தள்ளிய அளவீடுகளையும் பதிவேட்டில் தரும் மென்பொருள் வரும் என்று மட்டும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.