சந்தாவை ரத்து செய்தாலும் அனுமதி ரத்தாவதில்லை: ஏஐ ஏஜென்ட் பயன்படுத்துவோர் கவனத்திற்கு

மின்னஞ்சல்களைப் படித்துப் பதில் வரைவு எழுதித் தருவதாகவும், நாட்காட்டியைப் பார்த்துச் சந்திப்புகளை ஒழுங்குபடுத்துவதாகவும் சொல்லிச் சந்தா வசூலிக்கும் ஏஐ ஏஜென்ட் சேவை ஒன்றை நான் பயன்படுத்திவந்தேன். வேலை திருப்தியாக இல்லாததால் சந்தாவை ரத்து செய்து, கணக்கையும் நீக்கினேன். "உங்கள் தரவுகளும் அனைத்து இணைப்புகளும் அகற்றப்பட்டுவிட்டன" என்று அந்நிறுவனம் எழுத்துபூர்வமாக உறுதியும் அளித்தது. அது பொய் என்பது, சில வாரங்கள் கழித்து, நான் எழுதாத பதில் ஒன்று என் வரைவுப் பெட்டியில் இருந்ததைப் பார்த்தபோது தெரிந்தது. அன்று காலை வந்த கடிதம் ஒன்றுக்கு, அந்த ஏஜென்ட் வழக்கமாகப் போடும் அதே தொடக்க வரியுடன் அது எழுதப்பட்டிருந்தது.

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு எழுதினேன். அமைப்புகள் பக்கத்தில் இணைப்பைத் துண்டிக்கும் பொத்தானை அழுத்துமாறு சொன்னார்கள். நீக்கப்பட்ட கணக்குக்குள் எப்படி நுழைவது என்று கேட்டதற்கு, அதே மின்னஞ்சல் முகவரியில் புதிய கணக்கு தொடங்கி, மறுபடியும் அனுமதி கொடுத்துவிட்டு, அதன் பிறகு துண்டிக்கலாம் என்றார்கள். அனுமதியைத் திரும்பப் பெறுவதற்கு முதலில் அனுமதி கொடுக்க வேண்டுமாம்!

இதைத் தொழில்நுட்பச் சிக்கல் என்று அவர்கள் தட்டிக்கழிக்க முடியாது. இத்தகைய சேவைகள் பெரும்பாலும் 2012இல் வெளியான ஓஆத் 2.0 என்ற நெறிமுறைப்படியே நம் கணக்கோடு இணைகின்றன. நாம் "அனுமதி" என்று அழுத்தியதும், குறுகிய ஆயுள் கொண்ட அணுகல் டோக்கன் (கடவுச்சொல் இல்லாமலேயே நம் கணக்கைத் திறக்க உதவும் மின்னணு அனுமதிச்சீட்டு) ஒன்றும், அது காலாவதியாகும்போதெல்லாம் புதியதைப் பெற்றுக்கொள்ள உதவும் புதுப்பிப்பு டோக்கன் ஒன்றும் அந்தச் சேவையின் கைக்குப் போகின்றன. சந்தா என்பது நமக்கும் அந்த நிறுவனத்துக்கும் இடையிலான பணக்கணக்கு மட்டுமே. அது முடிந்த செய்தி மின்னஞ்சல் வழங்குநருக்குத் தெரியவே தெரியாது. ஒரு சேவை தன்னிடமுள்ள டோக்கனைத் தானே செல்லாததாக்கும் வழியை 2013இல் வந்த ஆர்எஃப்சி 7009 என்ற இணையத் தரநிலை ஆவணம் வகுத்திருக்கிறது. வழங்குநருக்கு ஒரு கோரிக்கை அனுப்பினால் முடிந்துவிடும் வேலையைச் செய்யாமலேயே, செய்துவிட்டதாக எழுதிக் கொடுத்ததுதான் என் குற்றச்சாட்டு.

ஆகவே, ரத்து செய்ய வேண்டிய இடம் ஏஜென்டின் தளம் மட்டுமல்ல. அனுமதி வழங்கிய கணக்கிலும் அதைச் செய்தாக வேண்டும். கூகுள் கணக்கில் மூன்றாம் தரப்புச் செயலிகளின் இணைப்புகளைக் காட்டும் பக்கம் தனியாக உள்ளது. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் நிறுவப்பட்ட செயலிகளும் அங்கீகரிக்கப்பட்ட செயலிகளும் தனித்தனிப் பட்டியல்களில் இருப்பதால், ஒன்றில் நீக்கிவிட்டு மற்றொன்றை மறந்துவிடுவது எளிது. கடவுச்சொல்லை மாற்றினால் போதும் என்ற நம்பிக்கையும் பலரிடம் இருக்கிறது. கூகுளில் கடவுச்சொல் மாறும்போது, ஜிமெயில் அனுமதியை உள்ளடக்கிய புதுப்பிப்பு டோக்கன்கள் செல்லாமல் போகும் என்பது உண்மைதான். ஆனால் நாட்காட்டிக்கோ டிரைவுக்கோ மட்டும் தனியாகக் கொடுத்த அனுமதி அதனால் போய்விடும் என்று எண்ண வேண்டாம். மேலும், வழங்குநரிடம் கேட்காமல், டோக்கனில் உள்ள மின்னணுக் கையொப்பத்தை மட்டும் சரிபார்த்து அணுகல் டோக்கனை ஏற்கும் சேவைகளில், ரத்து செய்த பிறகும் அதன் ஆயுள் முடியும்வரை, பல இடங்களில் சுமார் ஒரு மணிநேரம், அது வேலை செய்யக்கூடும்.

எனக்குப் பெரிய அதிர்ச்சி இதற்குப் பிறகுதான் வந்தது. டோக்கனை ரத்து செய்தபின் டிரைவில் என் கோப்புறை ஒன்றின் பகிர்வுப் பட்டியலைத் திறந்து பார்த்தபோது, என் பெயருக்குக் கீழே, திருத்தும் உரிமையோடு, எண்களும் எழுத்துகளும் கலந்த நீண்ட மின்னஞ்சல் முகவரி ஒன்று இருந்தது. கோப்புகளை வகைப்படுத்தும் சாக்கில் ஏஜென்ட் தன் நிறுவனத்தின் சேவைக் கணக்கையே (மனிதருக்கு அல்லாமல் மென்பொருளுக்கென உருவாக்கப்படும் கணக்கு) அங்கே சேர்த்துவைத்திருக்கிறது. இது என் டோக்கனைச் சார்ந்த அனுமதியன்று, தனியாக நிற்கும் பகிர்வு. டோக்கன் போனாலும் இது போகாது. சாதாரணச் செயலிக்கும் ஏஜென்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: நம் பெயரில் செயல்படும்போது, அது தனக்கென வேறு கதவுகளையும் திறந்துவைத்துவிட முடியும். ஆகவே மின்னஞ்சலின் வடிகட்டிகள், முன்னனுப்பும் விதிகள், நாட்காட்டிப் பகிர்வுகள், வெப்ஹூக்குகள் (ஏதாவது நிகழும்போது வெளிச் சேவைக்குத் தானாகத் தகவல் அனுப்பும் இணைப்புகள்) ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். ஏஜென்டின் தளத்தில் நாமே நகலெடுத்து ஒட்டிய ஏபிஐ சாவிகள் (ஒரு சேவையை இன்னொரு மென்பொருள் பயன்படுத்த உதவும் ரகசியக் குறியீடுகள்) இணைப்புகள் பக்கத்தில் தென்படாது. அவற்றை உருவாக்கிய இடத்துக்கே சென்றுதான் அழிக்க வேண்டும்.

இவை யாவும் இனிமேல் படிப்பதைத்தான் தடுக்கும்; ஏற்கெனவே அவர்கள் நகலெடுத்து வைத்த கடிதங்களைத் திரும்பக் கொண்டுவராது. அவற்றை அழிக்கும்படி நான் அனுப்பிய கோரிக்கைக்கு, இந்த முகவரியில் தங்களிடம் கணக்கே இல்லை என்பதால் உரிமையைச் சரிபார்க்க இயலாது என்று பதில் வந்தது. எனவே தரவை அழிக்கக் கோரும் கடிதத்தைக் கணக்கு உயிரோடு இருக்கும்போதே அனுப்பிப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கை நீக்குவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.