18,500 ரூபாய் கொடுத்து வாங்கிய எரிச்சல்: முகத்தை வெள்ளையாக்கும் கிரீம் வாங்கப் போகிறவர்கள் வாசிக்கவும்

பெரியாஸ்பத்திரியில் இருந்து வந்த கையோடு எழுதுகிறேன். கோபம் ஆறினால் எழுத மாட்டேன், என்னை எனக்குத் தெரியும்.

அடுத்த மாதம் தம்பிக்குக் கலியாணம். புருவம் எடுக்க யாழ்ப்பாண டவுனுக்குள் ஒரு அழகு நிலையத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம், சண்டைக்கு வருவார்கள். அங்கே நின்ற பிள்ளை என் கையைப் பிடித்துத் தன் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். "நானும் உங்கட நிறம்தான் அக்கா இருந்தனான்." அவ்வளவுதான், மனம் இளகிவிட்டது. பொம்பிளை பார்க்கப் போனால் "பிள்ளை என்ன நிறம்" என்று முதலில் கேட்கிற ஊரில் வளர்ந்தவள்தானே நானும்.

பகல் கிரீம், இரவுக் கிரீம், சவர்க்காரம். மூன்றும் 18,500 ரூபாய். பில் இல்லை. டப்பியில் பேனையால் "இரவு" என்று எழுதி ஒட்டியிருந்தது. "பூசேக்க நகையெல்லாம் கழட்டி வையுங்கோ அக்கா, தங்கம் பழுதாப் போகும்" என்றாள். என் நகையில் இவளுக்கு எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். மாமியிடம் பேச்சு வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு இரவும் தாலிக்கொடியைக் கழற்றிச் சாமியறையில் வைத்துவிட்டுப் பூசினேன்.

பத்து நாளில் முகம் வெளிச்சது உண்மை. மூன்றாம் கிழமை கன்னத்தில் சிவப்பு நூல் நூலாக நரம்பு தெரிந்தது, அடுப்படியில் நிற்க முடியவில்லை. இரண்டு நாள் விட்டுப் பார்த்தால் எரிச்சல் இன்னும் மோசம். போய்க் கேட்டேன். "கழிவு வெளியில வருது அக்கா, தடிப்பாப் பூசுங்கோ." மறுபடி போனேன். "உங்கட தோல் அப்பிடி." மூன்றாம் முறை முதலாளியம்மா: "கொழும்பில இருந்து வாறதைத்தான் தாறம், எங்களுக்கு ஒண்டும் தெரியாது." பிறகு வட்ஸ்அப்பில் பிளொக். 18,500 ரூபாய்!

டொக்டர் டப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பனி பெயரும் இல்லை, காலாவதித் திகதியும் இல்லை. குளோபெட்டசோல் மாதிரிக் கடுமையான ஸ்டெரோய்ட் கலந்திருக்கலாம், அதுதான் தோல் மெலிந்து, நிறுத்தினதும் எரிகிறது என்றார். நகைக் கதையைச் சொன்னதும் பேனையைக் கீழே வைத்தார். கிரீமில் பாதரசமும் இருக்கலாமாம், பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளுமாம். அது தோலில் கருநிறமி உண்டாவதைத் தடுக்கும், அப்படியே உடம்புக்குள் இறங்கிச் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013இலேயே மினமாட்டா என்ற சர்வதேச உடன்படிக்கை வந்துவிட்டது. நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

பிறகு கேட்டார்: "வீட்டில சின்னப் பிள்ளையள் இருக்கினமோ?" மூன்று வயது மகள் என் துவாயில்தான் முகம் துடைப்பாள்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. பில் தராத இடத்தில் வாங்காதீர்கள். லேபிளில் மெர்க்குரி (பாதரசம்தான்), கலோமெல் (அதுவும் பாதரசம் சேர்ந்ததுதான்) என்று இருந்தால் தொடாதீர்கள். நகையைக் கழற்றச் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். டப்பியை மட்டும் எறிய வேண்டாம், டொக்டருக்குக் காட்ட வேண்டும்.

பாவனையாளர் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு நாளைக்கு அடிக்கப் போகிறேன். 18,500 ரூபாய்க்குக் கையில் ஒரு துண்டுப் பேப்பர்கூட இல்லை.

சிறுநீர் ரிசல்ட் வியாழக்கிழமை. மகளுக்கும் எடுத்திருக்கிறது.